"விசுவாசம் பத்தல" என்று சொன்னவருக்கு டீ கொடுத்தேன்

ராணிப்பேட்டை சகோதரி:
தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி பக்கம் வழுக்கி விழுந்தார் என் வீட்டுக்காரர். முதுகுத் தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எட்டு மாசம் ஆச்சு. போன மாசம் எங்க வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபம் முடிந்ததும் ஒரு மூத்த சகோதரி அவர் கட்டிலருகே நின்று, "பிரதருக்கு விசுவாசம் பத்தல, அதான் எழும்பல" என்றார். என் வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கிவிட்டிருந்தது. ஏழு டம்ளரில் டீ ஊற்றினேன். அந்தச் சகோதரிக்கு நீட்டும்போது என் வாய் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றது. ஏன் அப்படிச் சொன்னேன்? ராத்திரியில் இன்னும் அதுதான் கேட்குது.

குடியாத்தம்:
நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாங்க சிஸ்டர், மனசில் வைக்காதீங்க. எங்க அப்பா பக்கவாதத்தில் மூணு வருஷம் படுத்திருந்தார், எங்களுக்கும் இதே பேச்சு. அதை விடுங்க. அவர் கூலியில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா? பிடித்திருந்தால் இது வேலையில் பட்ட காயம். வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், நிரந்தர ஊனம் என்றால் மாசாமாசம் பணம் உண்டு. விபத்து நடந்ததை முதலாளி எழுதிக் கொடுத்தாரா என்று முதலில் பாருங்க. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்க. முக்கியமா, ரெண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வையுங்க, ராத்திரியிலும்கூட. பிட்டத்திலும் குதிகாலிலும் சிவந்திருக்கா என்று தினம் பாருங்க. எங்க அப்பாவை எடுத்துக்கொண்டு போனது பக்கவாதமில்லை, படுக்கைப்புண்தான்.

காட்பாடி:
குடியாத்தம் அண்ணன் சொன்ன வழியெல்லாம் சரி. "நல்ல எண்ணம்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நம்ம வேலூரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாங்க. 1954-ல் கார் விபத்து, முதுகுத் தண்டு போச்சு. கடைசி வரைக்கும் எழுந்து நடக்கல. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாங்க. 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையமே எழும்பினது அவங்களால். அவங்களுக்கு விசுவாசம் பத்தலையா? பைபிளில் பவுல் அப்போஸ்தலர், தன் உடம்பில் முள் மாதிரி இருந்த வேதனையை எடுக்கச் சொல்லி மூணு தரம் கேட்டார், ஆண்டவர் கிருபையைக் கொடுத்தார், முள்ளை எடுக்கல. யோவான் சுவிசேஷம் 9-ல் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று கேட்டது இயேசுவின் சீஷர்கள்தான். அதையே நாமும் கட்டில்கிட்ட போய்க் கேட்கிறோம்.

ஆம்பூர்:
எங்க அம்மா கேன்சரில் படுத்திருந்தப்ப ரம்ஜான் மாசம். பக்கத்து வீட்டு பாயம்மா தினம் சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வாசல்லயே நிப்பாங்க. "அம்மா இன்னிக்குத் தூங்கினாங்களா?" அவ்வளவுதான் கேட்பாங்க. சபையிலிருந்து வந்து ஜெபித்தவர்களில் ஒருத்தர்கூட அதைக் கேட்கல. நானும் எத்தனையோ வீடுகளுக்கு ஜெபிக்கப் போயிருக்கேன், கேட்டதில்லை.

ராணிப்பேட்டை சகோதரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஈஎஸ்ஐ உண்டு, விபத்துச் சீட்டைத்தான் இழுத்தடிக்கிறாங்க. திங்கட்கிழமை போறேன்.

குடியாத்தம் அண்ணா, மனசில் வைக்காம இருக்க முடியல. போன ஞாயிறு திருவிருந்தில் முழங்கால் போட்டப்ப அந்தச் சகோதரி என் பக்கத்திலேயே. முழங்கை முழங்கையில் பட்டது. அப்பம் வாங்கினேன். மன்னிச்சிட்டுத்தான் வாங்கினேனா, தெரியல. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், "இன்னா பண்ணப் போற? அடுத்த வாரமும் கூப்பிடு. அவங்களுக்குச் சுகர் இருக்கு, டீயில சக்கரை போடாத. ஆனா நின்னுக்கிட்டு ஜெபிக்க வேணாம், நாற்காலி போட்டு என் முகத்துக்கு நேரா உட்காரச் சொல்லு" என்றார்.

நான் இன்னும் கூப்பிடல.