ஐபிடிஜி போடாமலேயே புரதம் வருகிறது: லாக் ரெப்ரஸர் ஏன் முழுசாக அடைப்பதில்லை?

அகார்தட்டு:
பெட்-28ஏ பிளாஸ்மிடில் (செல்லுக்குள் தனியாகப் பெருகும் வட்ட டிஎன்ஏ) ஒரு நியூக்ளியேஸ் (டிஎன்ஏ, ஆர்என்ஏ-வை வெட்டும் நொதி) மரபணு, செல் பிஎல்21(டிஇ3) என்ற ஈ.கோலை வகை. புரத உற்பத்தியைத் தொடக்கிவிடும் ஐபிடிஜி சேர்க்காத லேனிலும் ஜெல்லில் புரதப் பட்டை தெரிகிறது. தட்டில் காலனிகள் ஊசிமுனை அளவுதான், நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பெரிசு. அந்தப் பெரிசை எடுத்து வளர்த்தால் நன்றாக வளர்கிறது, ஆனால் ஐபிடிஜி போட்டு இண்டியூஸ் செய்தால் புரதமே இல்லை. லாக் ரெப்ரஸரைத் தரும் லாக்ஐ மரபணு பிளாஸ்மிடிலேயே இருக்கும்போது எப்படி ஒழுகுகிறது? லாக்ஐ-க்யூ உள்ள செல்லுக்கு மாறினால் தீருமா?

பிளாஸ்மிட்பித்தன்:
லாக் ரெப்ரஸர் என்பது மரபணுவை அடைக்கும் புரதம். டிஎன்ஏ-வில் அது ஒட்டும் இடமான ஆபரேட்டரில் உட்காரும், எழும், மறுபடி உட்காரும். எழுந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் ஆர்என்ஏ எழுதும் பாலிமரேஸ் நுழைந்துவிட்டால் ஓர் ஆர்என்ஏ போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு ஒழுகும் என்பது எத்தனை ரெப்ரஸர், எத்தனை ஆபரேட்டர் என்ற கணக்கு.

இயற்கையான ஈ.கோலையில் ஒரு செல்லுக்குச் சுமார் 10 ரெப்ரஸர்கள்தான். ஒவ்வொன்றும் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது, சங்கிலிக்கு 360 அமினோ அமிலம். இவ்வளவு கொஞ்சம் வைத்துக்கொண்டே அது இறுக்கமாக அடைக்கக் காரணம், லாக் ஓப்பரானில் (லாக்டோஸைப் பயன்படுத்தும் மரபணுக் கூட்டம்) மூன்று ஆபரேட்டர்கள் இருப்பது. முதன்மையான ஓ1, பாலிமரேஸ் எழுதத் தொடங்கும் இடமான ப்ரொமோட்டரை ஒட்டி இருக்கிறது. ஓ2 அங்கிருந்து 401 கார இணை தள்ளி லாக்இசட் மரபணுவுக்குள்ளேயே, ஓ3 மேல்பக்கம் 92 கார இணையில். நான்கு சங்கிலியில் இரண்டு ஓ1-ஐப் பிடிக்க, மற்ற இரண்டு ஓ2-வையோ ஓ3-யையோ பிடித்து டிஎன்ஏ-வை வளையமாக மடக்கிவிடும். ஒரு கை நழுவினாலும் மறு கை பிடித்திருப்பதால் விட்ட இடத்திலேயே திரும்பவும் ஒட்டும். 1990-இல் இதை அளந்து பார்த்தார்கள்: மூன்றும் இருந்தால் சுமார் 1300 மடங்கு அடக்கம், ஓ2-வையும் ஓ3-யையும் கெடுத்துவிட்டால் வெறும் 18 மடங்கு.

உங்கள் பெட்-28ஏ-வில் டி7 ப்ரொமோட்டரை ஒட்டி ஒரே ஓர் ஆபரேட்டர். போதாக்குறைக்கு ஒழுகல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் குரோமோசோமில் லாக்யூவி5 ப்ரொமோட்டர் கொஞ்சம் கசிந்து, உங்கள் மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் உண்டாகிறது. அந்தப் பாலிமரேஸ் ஈ.கோலையின் சொந்தப் பாலிமரேஸைவிடச் சுமார் ஐந்து மடங்கு வேகம். முதல் கட்டத்தில் சொட்டுவது இரண்டாம் கட்டத்தில் ஓடையாகிவிடும்.

லாக்ஐ-க்யூ என்பது லாக்ஐ-யின் ப்ரொமோட்டரில் உள்ள மாற்றம்; ரெப்ரஸரைப் பத்து மடங்கு அளவுக்குக் கூட்டும். ஆனால் உங்களுக்குப் பிளாஸ்மிடின் ஒவ்வொரு பிரதியும் ஏற்கனவே லாக்ஐ-யைத் தருகிறது. அதனால் பெரிய லாபம் இருக்காது. லாக்ஐ இல்லாத, பிரதி எண்ணிக்கை அதிகமான பிளாஸ்மிடுக்குத்தான் அது கட்டாயம்.

மீடியாமாஸ்டர்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது மீடியாவை. எல்பி என்ற வளர்ப்பு மீடியாவில் போடும் டிரிப்டோன் பாலின் கேசீனில் இருந்து வருவது, அதில் லாக்டோஸ் துளி ஒட்டியிருக்கலாம். செல் அதை அல்லோலாக்டோஸாக மாற்றும். ரெப்ரஸரை விடுவிப்பது அதுதான். வளர்ச்சி நிற்கும் கட்டத்தில், லாக் மரபணுக்களைத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி-யும் ஏறியிருக்கும். ராத்திரி முழுக்க விட்ட கல்ச்சரில் ஐபிடிஜி இல்லாமலே பட்டை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

மருந்து குளுக்கோஸ். சைக்ளிக் ஏஎம்பி-யைக் குறைக்கும், லாக்டோஸ் உள்ளே வரும் வழியையும் அடைக்கும். தட்டிலும் ராத்திரிக் கல்ச்சரிலும் 1% போடுங்கள். 40% கரைசலாகத் தனியாகச் செய்து வடிகட்டி, ஆறிய எல்பி-யில் லிட்டருக்கு 25 மி.லி. எல்பி-யோடு சேர்த்து ஆட்டோகிளேவ் செய்தால் பழுப்பாகிவிடும். நீண்ட நேரம் விட்டால் அசிட்டேட் சேர்ந்து பிஎச் இறங்கும், அதனால் 12 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அகார்தட்டு:
மெயின் கல்ச்சரில் அந்தக் குளுக்கோஸ் மிச்சமிருந்தால் ஐபிடிஜி வேலை செய்யுமா?

மீடியாமாஸ்டர்:
செய்யும், ஆனால் மந்தமாக. லாக்டோஸை உள்ளே இழுக்கும் பெர்மியேஸ் இல்லாமலும் ஐபிடிஜி உள்ளே நுழையும், ரெப்ரஸரை விடுவிக்கும். டி7 பாலிமரேஸ் உற்பத்திதான் குறைவாக இருக்கும். ராத்திரிக் கல்ச்சரைச் சுழற்றி, மேல்திரவத்தைக் கொட்டிவிட்டு, புது எல்பி-யில் கலக்கி, 1:100 போடுங்கள். ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் 18 டிகிரிக்கு ஆற வைத்து, 500 மி.லி.க்கு 1 மோலார் ஐபிடிஜி 50 மைக்ரோலிட்டர். அதாவது 0.1 மில்லிமோலார். எல்லோரும் பழக்கத்தில் 1 மில்லிமோலார் ஊற்றுகிறார்கள், நச்சுப் புரதத்துக்கு அது வேண்டாத வேலை.

செல்சுவர்:
பெரிய காலனியைத் தொடாதீர்கள். ஊசிமுனைக் காலனிகள்தான் உங்கள் புரதத்தோடு மல்லுக்கட்டுபவை. பெரிசாக வளர்ந்தது டி7 பாலிமரேஸையோ மரபணுவையோ கெடுத்துக்கொண்டு தப்பித்த செல். கிளிசரால் ஸ்டாக்கையும் (உறைய வைத்த செல் சேமிப்பு) குளுக்கோஸ் இல்லாத கல்ச்சரில் இருந்து எடுத்திருந்தால் தூக்கி எறியுங்கள். அதில் தப்பித்தவைதான் அதிகம் இருக்கும்.

உறுதி செய்ய ஒரே பிளாஸ்மிடை டிஎச்5ஆல்பா-விலும் போட்டுப் பாருங்கள். அதில் டி7 பாலிமரேஸ் கிடையாது. அங்கே காலனி இயல்பான அளவு, பிஎல்21(டிஇ3)-இல் மட்டும் ஊசிமுனை என்றால் கோளாறு ஒழுகலில்தான். வெறும் பெட்-28ஏ தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஜெல்லில் ஏற்றும்போது எல்லா லேனுக்கும் ஒரே ஓடி அளவு செல், இல்லையென்றால் ஒப்பிட முடியாது.

குளுக்கோஸுக்கும் அடங்காவிட்டால் பிஎல்ஒய்எஸ்-எஸ் என்ற இன்னொரு பிளாஸ்மிட் உள்ள செல். அது தரும் டி7 லைசோசைம் கசிந்த பாலிமரேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோராம்பெனிகால் 34 மைக்ரோகிராம்/மி.லி., கானமைசின் 50, இரண்டு ஆண்டிபயாடிக்கும் வேண்டும். அதே லைசோசைம் செல்சுவரையும் அரிக்கும் என்பதால், உறைய வைத்து உருக்கினால் செல் உடைந்துவிடும். பெல்லட்டை (சுழற்றி அடியில் சேர்த்த செல்கள்) பிறகு கழுவலாம் என்று ஃப்ரீசரில் போட்டால் உங்கள் நியூக்ளியேஸ் கழுவிய தண்ணீரோடு போய்விடும், ஆகவே கழுவிவிட்டு உறைய வையுங்கள்.