மாரடைப்புக்குக் கிருமியும் காரணமாகுமா?

ஈறுவலிக்காரர்: என் ஈறுகளில் நாட்பட்ட அழற்சி இருப்பதைக் கண்ட பல் மருத்துவர், இது இதயத்துக்கும் நல்லதல்ல என்றார். தொற்றுதான் இதயத் தமனி நோயைத் தூண்டுகிறதென்றால், ஆன்டிபயாடிக் உட்கொண்டே அதைத் தடுத்துவிட முடியாதா?

மருந்தாளுநர்: முடியாது என்பதே இதுவரையிலான சோதனைகளின் விடை. 1988இல் பின்லாந்து ஆய்வாளர்கள், மாரடைப்பு நோயாளிகளின் இரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்னும் நுண்ணுயிருக்கு எதிரான எதிர்ப்பொருள்களை மிகுதியாகக் கண்டபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், சுமார் 4,000 இதய நோயாளிகளை வைத்து, வாரம் ஒருமுறை அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கை ஓராண்டு கொடுத்துச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வு எந்தப் பலனையும் காட்டவில்லை.

வெண்ணணு: ஆனாலும் அழற்சியை ஒதுக்கிவிட முடியாது, ஐயா. தமனிச் சுவருக்குள் புகுந்த எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை விழுங்கும் வெள்ளையணுக்கள் அங்கேயே தங்கி, கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன; மூடி கிழிந்தால் இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகிறது. 2017இல் வெளியான, 10,061 பேர் பங்கேற்ற கான்டோஸ் ஆய்வில், அழற்சியைத் தணிக்கும் கனகினுமாப் என்னும் மருந்தின் 150 மில்லிகிராம் ஊசி, எல்டிஎல்லைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றை மொத்தமாக 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகளும் அதிகரித்தன; விலையோ கேட்கவே வேண்டாம்.

மருந்தாளுநர்: உண்மைதான். தொற்றின் பங்கு தெளிவாகத் தெரிவது ஃப்ளூவில்தான்: கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாள்களில் மாரடைப்பு விகிதம் 6 மடங்கு உயர்ந்திருந்தது. எனவே இதய நோயாளிகள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. ஈறுகளுக்கு, பற்களைக் காப்பதற்காகவே சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.