இலங்கை, வங்கதேச நிதித்துறை ஒப்பீடு: ஒரு உதவி வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். முதுமாணி ஆய்வுக்காக இலங்கை, வங்கதேசம் இரண்டிலும் நிதி நிறுவனங்களின் ஆழத்தை, அதாவது பொருளாதாரத்தின் அளவோடு பார்த்தால் அவை எவ்வளவு பெரியவை என்பதை, ஒப்பிடுகிறேன். தனியார் துறைக்கான வங்கிக் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பதுதான் எல்லாரும் எடுக்கும் அளவுகோல். அதில்தான் சிக்கிக்கொண்டேன்.

2022-ஐ எடுங்கள். செப்டெம்பரில் நம் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். விலை ஏறியதால் உற்பத்தியின் ரூபாய் மதிப்பு ஊதிவிட்டது, கடன் அந்த வேகத்தில் வளரவில்லை. விகிதம் இறங்கியதில் எவ்வளவு உண்மையான சுருக்கம், எவ்வளவு விலையின் வேலை என்று எப்படிப் பிரிப்பது?

அப்புறம், அம்மா வளையலை வங்கியில் அடகு வைத்தால் அது கடன் கணக்கில் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கும் சீட்டு எதிலும் வராது. வங்கதேசத்திலும் அப்படித்தான்: வங்கிக் கடனை மட்டும் எண்ணினால், பிராக் போன்ற தொண்டு நிறுவனங்கள் கிராமத்துப் பெண்களுக்குக் கொடுக்கும் சிறுகடன் விடுபட்டுவிடும். அதை விட்டு ஒப்பிடுவது அந்தப் பெண்களுக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஓய்வூதிய நிதியும் ஆழத்தில் சேரும். நமக்கு 1958 முதல் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. வங்கதேசத்தில் அனைவருக்குமான ஓய்வூதியத் திட்டம் தொடங்கியதே 2023-இல்தான்.

சரி, கேள்வி இதுதான். சிறுகடனை வங்கிக் கடனோடு கூட்டும்போது இரட்டைக் கணக்கு வராமல் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தொண்டு நிறுவனங்களே ஒரு பகுதியை வங்கியில் கடன் வாங்கித்தானே கொடுக்கின்றன. வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.