பெர்முடேஷன்: ‘வரிசைமாற்றம்’ ஒன்றே போதுமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பொருள்களை வெவ்வேறு வரிசைகளில் அமைப்பதைக் குறிக்கும் ‘பெர்முடேஷன்’ (permutation) என்ற கணிதச் சொல்லுக்குப் பாடநூல்களில் ‘வரிசைமாற்றம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள். அச்சொல்லை நீக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அது சுமக்கும் இரண்டு பொருள்களில் ஒன்றுக்குத் தனிச்சொல் தர வேண்டும் என்கிறேன்.

இலத்தீனில் ‘முடாரே’ என்றால் மாற்றுதல். ‘பெர்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘பெர்முடாரே’ ஆகும்போது முற்றாக மாற்றுதல், ஒன்றுக்கொன்று கைமாற்றுதல் என்று பொருள் விரியும். ஏதென்சில் படித்த மகனுக்கு ரோமிலிருந்து பணம் கிடைக்கச் செய்த ஏற்பாட்டையும் பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ தம் கடிதங்களில் இவ்வேர்ச்சொல்லாலேயே குறிக்கிறார். எங்கள் காரைக்குடிப் பக்கத்து லேவாதேவிக்காரர்கள் அதை உண்டியல் (ஓரிடத்தில் கட்டிய பணத்தை வேறிடத்தில் பெறும் சீட்டு) என்றிருப்பார்கள். ஆக, பிறப்பிலேயே இது செயலைக் குறித்த சொல்.

கணிதத்திலோ இது செயலையும் குறிக்கிறது, அச்செயலின் முடிவில் கிடைக்கும் அமைப்பையும் குறிக்கிறது. 1815இல் வெளிவந்த கட்டுரையில் பிரெஞ்சுக் கணிதவியலர் கோஷி இவ்விரண்டையும் பிரித்தே எழுதினார்: அமைப்பு ‘பெர்முடேஷன்’, ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வது ‘சப்ஸ்டிடியூஷன்’. பின்னாளில் முதற்சொல்லே இரண்டுக்கும் வழங்கலாயிற்று. அந்தக் கலப்பைத் தமிழிலும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி என்ற கணித நூலில் அழகான கணக்கு ஒன்று உண்டு. சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகிய நான்கையும் திருமாலின் நான்கு கைகளில் மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை வடிவங்கள்? விடை 24. (பத்துக் கைகளும் பத்துப் பொருள்களும் கொண்ட சிவனுக்கு 36,28,800.) கேசவன் முதல் கிருஷ்ணன் வரையிலான 24 திருவுருவங்களையும் சிற்பநூல்கள் வேறுபடுத்துவது இந்தக் கைமுறையை வைத்துத்தான். நாராயணன் கோயில்கொண்ட திருக்கோஷ்டியூருக்குச் சென்று வணங்குபவர் யாரும் நாராயணனைக் கேசவனின் மாற்றம் என்று கருதமாட்டார். 24இல் ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான உரு. இங்கே ‘மாற்றம்’ என்ற சொல் பொருந்தவில்லை. ஒன்றையும் மாற்றாத முதல் அமைப்பையும் எண்ணிக்கையில் சேர்க்கிறோம் என்பதால் மாணவர்களும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

இத்தகைய அமைப்பை ‘அடுக்கு’ எனலாம் என்னும் பரிந்துரை இனியது. ஆனால் அது படிக்குறிக்கு (exponent) வழங்கிவிட்டது. ‘நிரல்’ கணித அணிகளில் (matrix) ஒரு பொருளும் (column) கணினியில் மற்றொரு பொருளும் (program) பெற்றுவிட்டது. எனவே ‘வைப்புமுறை’ என்பதை முன்வைக்கிறேன். குறளின் அதிகார வைப்புமுறை என்று நாம் பேசுவதும் இதே பொருளில்தான்: இன்னதற்குப் பின் இன்னது என்ற அமைப்பு. மேசையைச் சுற்றி அமர்வதை ‘வட்ட வைப்புமுறை’ என்றால், வட்டத்தில் வரிசை ஏது என்ற நெருடலும் எழாது.

செயலுக்கு ‘வரிசைமாற்றம்’ நிலைக்கட்டும். ஒரு வரிசைமாற்றத்தின்மேல் இன்னொன்றைச் செய்தால் மூன்றாவது வரிசைமாற்றம் கிடைக்கும் என்று சொல்ல முடிகிறது. வைப்புமுறைகளை அப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்ய இயலாது. இத்தகைய செயல்களின் தொகுதிகளை ஆராயும் குலக்கோட்பாடு (group theory) படிப்பவருக்கு இந்த வேறுபாடு முதல் நாளிலேயே தேவைப்படும்.

எப்பொருளும் தன் பழைய இடத்தில் தங்காத வரிசைமாற்றத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். நான்கு பொருள்களுக்கு இத்தகையவை 9. ‘தங்கா வரிசைமாற்றம்’ என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தால் சொல்லலாம் என்பது என் எண்ணம். இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.