இறங்க வேண்டிய கோடு ஏறிப்போகிறது, கணிதம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். மகள் தரம் 10. 2எக்ஸ் + 3வை = 12 என்ற கோட்டோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறோம்.

அட்டவணை போட்டால் (0, 4), (3, 2), (6, 0) சரியாக வருகிறது. வை = −2/3 எக்ஸ் + 4 என்று மாற்றிப் படித்திறனை (கோட்டின் சாய்வு, இங்கே −2/3) வைத்து வரையும்போதுதான் சிக்கல். வை அச்சில் 4இல் புள்ளி வைத்து, 2 கட்டம் இறங்கி, அப்புறம் 3 கட்டம் இடப்பக்கம் போகிறாள். ஒரே வரைபுத்தாளில் இரண்டு கோடும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டி நிற்கின்றன. “சய (− குறி) முழுப் பின்னத்துக்கும் முன்னாலதானே இருக்கு, அப்ப ரெண்டுக்கும் போடவேணும்தானே?” என்கிறாள். நியாயமான கேள்விதான், எனக்குத்தான் பதில் வரவில்லை.

சயவைச் சயவால் வகுத்தால் சக (+) என்று கொப்பியில் செய்து காட்டினேன். தலையாட்டினாள், அடுத்த கணக்கில் மறுபடியும் இடப்பக்கம். ரியூசனில் “எப்பவும் வலப்பக்கம் போ” என்றார்களாம். சரி, அது மனப்பாடம். இடப்பக்கம் போய் 2 கட்டம் ஏறினாலும் அதே கோடுதானே, அதைக் கண்டதும் இன்னும் குழம்பிவிட்டாள்.

சய ஒன்றுக்கு மட்டும்தான் என்பதை அவளுக்கு எப்படி விளங்கவைப்பது?