அவுட்லுக்கில் மெயிலும் காலண்டரும் ஒரே நேரத்தில் தெரிய என்ன செய்வது?

முத்தியால்பேட்டை:
வணக்கம். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன், புக்கிங் எல்லாம் என் பொறுப்புதான். விண்டோஸில் பழைய அவுட்லுக், அதில் ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு காலண்டர் போட்டு வைத்திருக்கிறோம். சனி ஞாயிறுக்கு சென்னை, பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் வியாழக்கிழமையே மெயில் மேல் மெயிலாக அனுப்புவார்கள், ஒவ்வொன்றுக்கும் காலண்டருக்குத் தாவி எந்த ரூம் காலி என்று பார்த்துவிட்டு மெயிலுக்குத் திரும்பினால் முதலில் படித்த தேதி மறந்துவிடுகிறது, நடுவில் போன் வேறு. இடது பக்கம் மெயில், வலது பக்கம் காலண்டர் என்று இரண்டையும் தனித்தனி விண்டோவாக வைக்க வழி இருக்கிறதா?

கடலூர் ஓ.டி.:
இருக்கிறது சார், ரொம்ப சுலபம். மெயிலில் இருக்கும்போதே காலண்டர் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள், சாதாரண கிளிக் வேண்டாம், அது இருக்கிற விண்டோவையே காலண்டராக மாற்றிவிடும். வருகிற மெனுவில் 'ஓப்பன் இன் நியூ விண்டோ' கொடுத்தால் காலண்டர் தனியாகத் திறக்கும். அப்புறம் விண்டோஸ் கீயோடு வலது அம்புக்குறியை அழுத்துங்கள், காலண்டர் வலது பாதியில் ஒட்டிக்கொள்ளும், மெயிலுக்கு இடது அம்புக்குறி. இரண்டாவது மானிட்டர் இருந்தால் கூடவே ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ அந்தத் திரைக்கே போய்விடும்.

முக்கியமான விஷயம், வேலை முடிந்ததும் இரண்டு விண்டோவையும் பெருக்கல் குறியில் ஒவ்வொன்றாக மூடாதீர்கள். அப்படி மூடினால் மறுநாள் ஒரு விண்டோதான் வரும். ஃபைல் மெனுவில் கடைசியில் இருக்கும் 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வாருங்கள், அடுத்த முறை அவுட்லுக்கைத் திறக்கும்போது இரண்டும் சேர்ந்தே வரும். இது தெரியாமல் தினமும் காலையில் புதிதாக அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

லாஸ்பேட்டை:
ரிசப்ஷனில் சின்னத் திரையாக இருந்தால் பாதிப் பாதியாகப் பிரிக்கும்போது எழுத்தெல்லாம் நெருக்கிக்கொண்டு வருமே. வியூ மெனுவில் 'டூ-டூ பார்' என்று இருக்கும், அதில் காலண்டரை டிக் செய்தால் மெயிலுக்குப் பக்கத்திலேயே மாதக் கட்டமும் அடுத்து வருகிற அப்பாயின்ட்மென்ட்களும் தெரியும். எங்கள் ஆபீசில் அதுவே போதுமாக இருக்கிறது.

கடலூர் ஓ.டி.:
அக்கா, உங்களுக்குப் போதும், இவருக்குப் போதாது. அந்தப் பட்டையில் நம் முதன்மைக் காலண்டர் மட்டும்தான் வரும், ரூம் ரூமாக இவர் வைத்திருப்பது வராது. முத்தியால்பேட்டை சார், காலண்டர் விண்டோவில் எல்லா ரூமையும் டிக் செய்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இருக்கும் குட்டி அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற காலண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, தனித்தனி நிறத்தில் வந்து உட்காரும். பாதித் திரையிலும் படிக்க முடியும், எந்த நிறம் இல்லையோ அந்த ரூம் காலி.

லாஸ்பேட்டை:
அது சரிதான், முதன்மைக் காலண்டர் விஷயம் நான் கவனிக்கவில்லை. இன்னொன்று தம்பி, பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் இருப்பார்களே, அவர்களோடு போனில் பேச நேரம் குறிக்கும்போது குழப்பம் வரும். ஃபைல், ஆப்ஷன்ஸ், காலண்டர் என்று போனால் இரண்டாவது டைம் ஜோன் காட்டச் சொல்லலாம், நம் நேரத்துக்குப் பக்கத்திலேயே பாரிஸ் நேரமும் ஓடும். அங்கே கோடையில் நம்மைவிட 3.30 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 4.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும், அதை அவுட்லுக்கே பார்த்துக்கொள்ளும்.

முத்தியால்பேட்டை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரைட் கிளிக் உடனே வேலை செய்தது, மெயிலில் தேதியைப் படித்துக்கொண்டே ரூமைப் பார்த்துப் பதில் போட முடிகிறது. மேலே 'நியூ அவுட்லுக்' என்று ஒரு சுவிட்ச் தெரிகிறதே, அதற்கு மாறினால் இது போய்விடுமா?

கடலூர் ஓ.டி.:
போகாது, அதிலும் காலண்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து தனி விண்டோவில் திறக்கலாம். ஆனால் மெனுக்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும், அதனால் சனி ஞாயிறு கூட்டம் முடிந்து திங்கட்கிழமை மாற்றிப் பாருங்கள்.