நீஸில ஓகஸ்ட் வெயிலுக்கு சைக்கிள் ஓடலாமோ?

உப்புவெளியான்:
நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து டவுனுக்கு நெடுக சைக்கிள்லதான் வேலைக்குப் போறன். கச்சான் காத்து அடிக்கேக்க ஒரு கை ஹாண்டில்ல, மற்றக் கை தொப்பியில. ஓகஸ்டில பிரான்ஸ், நீஸில இருக்கிற அக்கா வீட்டை ஒரு மாதம் போறன். அத்தானின்ர பழைய சைக்கிள் ஒண்டு கிடக்காம். "இந்த வெயிலுக்க வெளிக்கிடாதை" எண்டு அக்கா இப்பவே வெருட்டுறா. எங்கட வெயிலைக் கண்டவனுக்கு அது பெரிசோ?

நீஸ்_அண்ணன்:
தம்பி, வெயில் தாங்கும். பொழுதுதான் படாது. ஓகஸ்ட் தொடக்கத்தில சூரியன் மறைய ஒன்பது மணியாகும். ஆறரைக்கு விளக்குக் கொளுத்தின எனக்கு முதல் கிழமை எப்ப சாப்பிடுறது எண்டே விளங்கேல்லை.
காலமை ஏழுக்கு முன்னம் வெளிக்கிடும். புரொமனாட் தே ஸாங்கிளேயில கடலோரமா ஏழு கிலோமீற்றரளவு, சைக்கிளுக்குத் தனிப்பாதை, ஏற்றமே இல்லை. கிழக்கால வில்பிராஞ்ச் பக்கம் திரும்பினா கோணேசர் கோயில் ஏற்றம் ஞாபகம் வரும். கடலுக்க இறங்கிறதெண்டா செருப்போட இறங்கும். மணல் இல்லை, முழுக்க உருண்டைக் கல்லு. நிலாவெளியை நினைச்சு அழுவீர்.

மார்செய்_மைந்தன்:
காதில இயர்போன் போட்டு ஓடாதையும். 135 யூரோ தண்டம், நான் கட்டினனான். ஹெல்மெட் 12 வயசுக்குக் கீழ உள்ளவைக்குத்தான் கட்டாயம், எண்டாலும் போடும். வழியில குழாயில "நோன் பொதாப்ள்" எண்டு எழுதியிருந்தா அந்தத் தண்ணி குடிக்கேலாது.

உப்புவெளியான்:
நன்றி அண்ணையவை. இயர்போனை இங்கயே விட்டிட்டு வாறன். சைக்கிளுக்கு முன்கூடை இருக்காம், காலமைப் பாண் வாங்கிற வேலையை அக்கா இப்பவே என்ர தலையில கட்டிப்போட்டா.